கண்ணால் போட்ட பூட்டு

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் மாது எழுதுகிறேன். நலம் என்று ஆரம்பித்தால் அது பொய். உங்கள் நலத்தைக் கேட்கலாம் என்றால் எந்த விலாசத்துக்கு அனுப்புவது? அதனால் இரண்டையும் விட்டுவிட்டு நேராகச் சேதிக்கு வருகிறேன். கண்ணால் திறக்கிற உங்கள் கம்ப்யூட்டரை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது வூட்டை விட்டுப் போன கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பாப்பாதான் எழுதச் சொன்னாள். "மனசுல போட்டு அழுத்திக்காதம்மா. அப்பாவுக்கு எழுதுற மாதிரி எழுது, நாலு பேர் படிக்கிற எடத்துல நான் போடுறேன்" என்று ஓசூரிலிருந்து போனில் சொன்னாள். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நாம் சண்டை போட்டபோதெல்லாம் தெருவே கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

முதலில் ஊர் சேதி. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் அதே கூட்டம், அதே தூசி. டவுன் பஸ்ஸில் இப்போது பெண்களுக்குக் காசு கிடையாது. நீங்கள் கண்டக்டர் வேலையை விட்டு இறங்கிய பிறகுதான் அது வந்தது. கட்டிய பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் "இண்டூர் ஒண்ணு" என்று டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்து, காசுக்குக் கை நீட்டிய ஆள் நீங்கள். இப்போது கண்டக்டர் சும்மா டிக்கெட் கொடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் யாரோ ஒருத்தி போனில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் ரேஷன் கடையில் என் கைரேகை விழவில்லை. அங்கன்வாடியில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வழவழ என்று ஆகிவிட்டது. துடைத்துவிட்டு வைங்க என்றார் கடைக்காரர், வைத்தேன். இன்னொரு விரலை வைங்க என்றார், அதையும் வைத்தேன். கடைசியில் "கண்ணைக் காட்டுங்கக்கா" என்று ஒரு பெட்டியை நீட்டினார். உற்றுப் பார்த்தேன். நான் நான்தான் என்று அது ஒத்துக்கொண்டது. கார்டில் உங்கள் பெயரை எடுத்தாகிவிட்டதா என்று அடுத்த கேள்வி. எடுத்தாச்சு என்றேன். பையில் அரிசி லேசாக இருந்தது. வூடு வரைக்கும் அந்த லேசுதான் கனத்தது.

எங்கே போனாலும் இதே பாடுதான் மாமா. பேங்குக்குப் போனால் நீ யார் என்று நிரூபி. பென்ஷனுக்குப் போனால் நீ உயிரோடு இருக்கிறாய் என்று நிரூபி. எல்லாவற்றுக்கும் ஓடிபி என்று ஒன்று வரும், அது உங்கள் போனுக்குத்தான் வரும். அதனால் உங்கள் போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். போன பிறகும் எனக்கு நம்பர் சொல்லுகிற வேலை உங்களை விடவில்லை, பார்த்தீர்களா?

சரி, கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு முதலில் போனது விசில்தான். உதடு பிடிக்காமல் காற்று மட்டும் புஸ் என்று வந்தது. அப்புறம் வார்த்தை குழறியது. காலையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டான் என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். டீயைத் தவிர வேறு ஒன்றையும் தொடாத மனிதரை! அன்றைக்கு மட்டும் நான் வண்டியில் இருந்திருந்தால் நாலு பேரை நறுக்கென்று கேட்டிருப்பேன். பெங்களூர் ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், நரம்பு ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டே போகிற நோய், பேச்சு போகும், கை கால் போகும், கண் மட்டும் கடைசி வரை நிற்கும் என்று. திரும்பி வருகிற வண்டியில் நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நான் வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மையத்திலிருந்து ஸ்டெல்லா மேடம் வந்தது அதற்கப்புறம். பேச்சு முழுசாகப் போவதற்குள் உங்கள் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம், பிறகு கண்ணால் பார்த்தால் கம்ப்யூட்டர் உங்கள் குரலிலேயே பேசும் என்றார். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று படிக்கச் சொன்னதற்கு நீங்கள் மாட்டேன் என்று தலையாட்டினீர்கள். இப்படி யார் வூட்டில் பேசுவார்கள் என்று குழறிக் குழறிக் கேட்டீர்கள். முதலில் வெறும் 'மாது', அப்புறம் 'மாது, தண்ணி' என்று உங்கள் வழக்கப்படியே சொன்னீர்கள். 'மாது, ஃபேன்', 'மாது, திருப்பிப் படுக்க வை', 'மாது, கொசு' என்று எல்லாவற்றிலும் என் பேரைத்தான் முன்னால் போட்டு ஏவினீர்கள். கடைசியில் மேடம் கேட்காமலே ஒன்று சேர்த்தீர்கள், 'போலாம் ரைட்' என்று. மேடம் சிரித்துவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்து கட்டிலோடு ஒரு இரும்புக் கையில் மாட்டிக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு பாஸ்வேர்ட் போட வேண்டும் என்றார் மேடம். எழுத்து எழுத்தாகக் கண்ணால் அடிப்பது சிரமம். அதனால் ஒரு போட்டோவை வைத்துவிட்டு, அதில் நான்கு இடங்களை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் கண்ணை நிறுத்தினால் போதும். அடுத்த முறையும் அதே நான்கை அதே வரிசையில் பார்த்தால் திறக்கும். எந்தப் போட்டோ வேண்டும் என்று கேட்டதற்கு நீங்கள் கண்ணைச் சுழற்றி நம் வூட்டையே காட்டினீர்கள். கட்டிலின் தலைமாட்டில் நின்று நான்தான் போனில் படம் பிடித்தேன். புள்ளையார் காலண்டர், கடிகாரம், டிவி, பாப்பா பட்டம் வாங்கிய போட்டோ, ஆணியில் தொங்குகிற உங்கள் காக்கிச் சட்டை, முன்கதவு, பக்கத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி, அடுப்படி வழியாகத் தெரிகிற பின்கதவு, கட்டில் ஓரத்து நீல ஸ்டூல். எல்லாம் அதில் இருந்தது. படம் பிடித்தவள் மட்டும் இல்லை.

அன்றைக்கு உங்கள் அக்காவும் வந்திருந்தார். "தம்பி, மொதல்ல புள்ளையாரப் பாரு. அப்புறம் எத வேணா பாரு" என்று அடித்துச் சொன்னார். நம் பக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே சுழி போட்டுவிட்டுத்தானே உப்பு, புளி என்று எழுதுவோம்? மேடம் எங்களை வெளியே போகச் சொன்னார். கண்ணால் பார்ப்பதில் என்ன ரகசியம் என்று அக்காவுக்குக் கோபம். மேடமும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதல் தடவை சேரவில்லை, மறுபடியும் போடச் சொன்னார். இரண்டாம் தடவை பதிந்துவிட்டது. எங்கே கண் போகிறது என்று திரையில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம் மாமா. காலையில் உங்களைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, கம்ப்யூட்டரை முகத்துக்கு நேராக இழுத்து வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போவேன். டக், டக், டக். அப்புறம் ஒரு இடைவெளி. என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்க்கிற நேரத்தில் நான்காவது 'டக்' வரும். கண் சோர்ந்துபோகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த நிமிஷம் "மாது" என்று குரல் வரும். "தா வர்றேன், இருங்க. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்று கத்துவேன்.

ஒருநாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உங்களுக்குச் சோறூட்டுகிறேன், கால் கழுவுகிறேன், மீசை கத்தரிக்கிறேன், என்னிடம் மறைக்க அந்தப் பாஸ்வேர்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் எழுத்து எழுத்தாகப் பார்த்து நேரமெடுத்து அடித்தீர்கள். கம்ப்யூட்டர் படித்துச் சொன்னது.

"இது ஒண்ணாவது என் கையில இருக்கட்டும் மாது."

அப்போது உங்கள் கை இரண்டும் நான் வைத்த இடத்தில் தலையணை மேல் கிடந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

நீங்கள் போன பிறகு அக்கா சொன்ன முதல் வார்த்தை, கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு என்பது. காரியம் முடிந்த கையோடு அது வூட்டில் இருக்கக் கூடாதாம். நான் கொடுக்கவில்லை. நான் அதில் படுக்கவும் இல்லை, யாரையும் உட்காரவும் விடவில்லை. போர்வையை மடித்து வைத்தேன். கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். சாயங்காலம் அங்கன்வாடியிலிருந்து வந்து கதவைத் திறந்தால் கட்டிலும் அந்தத் துண்டு போட்ட உருவமும்தான் எனக்காக இருக்கும். ஒரு உருண்டைக் களி கிண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியுமா? சட்டியில் மாவு திரளவே மாட்டேன் என்கிறது. இரண்டு ஆளுக்குக் கிண்டிவிட்டு மறுநாள் கரைத்துக் குடிக்கிறேன். டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் யாரோ பேசுகிறார்கள், யாரும் 'மாது' என்று சொல்வதில்லை.

போன வாரம் ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். காரிமங்கலம் சந்தையில் துணி விற்றுக்கொண்டிருந்த ஒரு பொம்பளைக்கு உங்களுக்கு வந்த அதே நோயாம். சந்தையையே குரலால் கட்டிப்போடுகிற ஆள், இப்போது வாயும் இல்லை, கையும் இல்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு. அம்மா என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் அதுகள் அழுகிறதாம். மையத்தில் இருப்பதே சில கம்ப்யூட்டர்தான், எல்லாம் வெளியே போயிருக்கிறது. "நீங்களா சொல்லும்போது வந்து எடுத்துக்கலாம்னுதான் இருந்தோம்மா" என்றார். இரவலாகக் கொடுத்த பொருள். எப்படி மாட்டேன் என்பது? எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாய் சொல்லிவிட்டது.

உள்ளே உங்கள் குரல் இருக்கிறதே. அதை என்ன செய்வது என்று கேட்டேன். நம் வூட்டில் நெட் கிடையாது என்பதால் குரலை அந்தக் கம்ப்யூட்டரிலேயேதான் வைத்தார்களாம், வேறெங்கும் நகல் இல்லை. திறந்துவிட்டால் என் போனில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். ஐந்து தடவை தப்பாகப் போட்டால் அது மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். கல்யாண வீடியோ எதிலாவது நீங்கள் பேசியிருக்கிறீர்களா என்று பாப்பா தேடிப் பார்த்தாள். எல்லாக் கல்யாணத்திலும் சாம்பார் வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறீர்கள். உங்கள் குரல் இந்த உலகத்தில் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது மாமா. அதற்குச் சாவி உங்கள் கண்ணில் இருந்தது. அந்தக் கண்ணை நான்தான் மூடினேன்.

சனிக்கிழமை மேடம் வந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். அந்த இரும்புக் கை அவ்வளவு தூரம் திரும்பாது, அவர் படுத்த இடத்தில் அவர் படுத்த மாதிரியே படுத்தால்தான் கம்ப்யூட்டருக்குக் கண் தெரியும் என்றார். கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பை மட்டுமில்லை, கொலுசையும் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் படுத்தேன். ஏன் கழற்றினேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

உங்கள் தலையணையில் என் தலை. ஃபேன் உங்கள் கண்ணுக்கு இவ்வளவு அசிங்கமாகவா தெரிந்தது? இறக்கையில் அப்படி ஒரு ஒட்டடை! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அடுப்படியில் நான் நிற்கிற இடம் அங்கேயிருந்து பாதிதான் தெரிகிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சத்தத்தை வைத்துத்தான் மீதி மாதுவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் என் கண்ணை அதற்குப் பழக்கினார் மேடம். திரையில் ஒரு புள்ளி ஓடியது, அது போகிற பக்கமெல்லாம் நானும் பார்த்தேன். கண்ணாலேயே ஒரு வேலை செய்வது எவ்வளவு அலுப்பு என்று அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. கண் எரிந்து தண்ணீர் வந்தது. நீங்கள் இதை வைத்து என்னை நாள் முழுக்க ஏவினீர்களே, கெட்டிக்காரர்தான்.

அப்புறம் நம் வூட்டுப் படம் வந்தது. நான் புள்ளையாரில் ஆரம்பித்தேன். அடுத்தது பாப்பா, காக்கிச் சட்டை, முன்கதவு. தவறு என்றது. புள்ளையார், காக்கிச் சட்டை, கடிகாரம், பாப்பா. தவறு. கடைசி நாட்களில் உங்களுக்கு நேரம் போகாமல் கிடந்ததே என்று கடிகாரத்தை முன்னால் கொண்டுவந்தேன், புள்ளையாருக்கு அடுத்தபடியாக. அதுவும் தவறு. நான்காவது தடவை டிவியைச் சேர்த்துப் பார்த்தேன். நீங்கள் டிவியே பார்க்க மாட்டீர்கள், இருந்தாலும் பார்த்தேன். தவறு.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மேடம் என் தோளைத் தொட்டு, வேண்டுமென்றால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். இன்னொரு நாள் என்றால் காரிமங்கலத்துப் பிள்ளைகள் இன்னொரு நாள் அழ வேண்டும். வேண்டாம் என்றேன்.

"எல்லாத் தடவையும் ஏம்மா புள்ளையார்லயே ஆரம்பிக்கிறீங்க?" என்று மேடம் கேட்டார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"யாரா இருந்தாலும் அங்கதானே ஆரம்பிப்பாங்க?" என்றேன்.

"அவருமா?"

எனக்குச் சுருக்கென்று எரிச்சல் வந்தது. உங்கள் மேல்தான். படுத்த வாக்கிலேயே பொரிந்து தள்ளினேன். அந்த மனுஷன் சாமி கும்பிட்டா எதை ஆரம்பித்தார், சாமி எல்லாம் என் தலையில்தானே கட்டினார். வூட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும் என்றால்கூட நடு வூட்டில் நின்று பின்கதவைப் பார்ப்பார், முன்கதவைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், அப்புறம்தான் செருப்பு மாட்டுவார். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று நான் கத்தினாலும் அதே கதைதான். வூடு என்ன பஸ்ஸா, பின்படி முன்படி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் எத்தனை...

அதோடு என் வாய் நின்றுவிட்டது.

பின்படியில் ஏறுகிறவர்கள் ஏறியாச்சா? முன்படியில் இறங்குகிறவர்கள் இறங்கியாச்சா? கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிகிறதா? அப்புறம்தான் இரண்டு விசில். வண்டியில் நின்றவரைக்கும் நீங்கள் வேறு எந்த வரிசையிலும் ஒரு பஸ்ஸைக் கிளப்பியதில்லை. படுத்த பிறகு மட்டும் வேறு எதில் ஆரம்பித்திருப்பீர்கள்?

பின்கதவைப் பார்த்தேன். டக். முன்கதவைப் பார்த்தேன். டக். கண்ணாடியைப் பார்த்தேன். டக்.

நான்காவது எனக்குத் தெரியவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மூடியிருந்தால் கம்ப்யூட்டர் காத்திருக்கும் என்று மேடம் சொன்னார். எனக்குள்ளே அந்தக் காலைச் சத்தம் ஓடியது. டக், டக், டக், அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன் மாமா. எங்கே?

கல்யாணத்துக்கு முன்னால் நான் இண்டூர் அங்கன்வாடியில் சேர்ந்த புதிது. கையில் மாவு மூட்டையும் பதிவேடுமாக ஏறி, முன்படிக்குப் பின்னால் இருக்கிற சீட்டுக்கு இடித்துப் பிடித்து வருவேன். எல்லோரும் ஏறிவிடுவார்கள். நீங்கள் கண்ணாடியைப் பார்த்துவிடுவீர்கள். விசில் வாயில் இருக்கும், ஊத மாட்டீர்கள். "இன்னும் யாரப்பா ஏறணும்?" என்று டிரைவர் அண்ணன் கத்துவார். நான் மூட்டையைக் காலடியில் வைத்து, முந்தானையை இழுத்துவிட்டு, ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் விசில் வரும். நீங்கள் தலையை எண்ணுகிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தபோது 'நம்ம வண்டியில வர்ற புள்ளதான்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டீர்கள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பீர்களா?

கண்ணைத் திறந்தேன். அந்தப் படத்தில் நான் இல்லை. நான் உட்கார்ந்து உங்களுக்கு ஊட்டிய நீல ஸ்டூல் இருந்தது. யாரும் இல்லாத ஸ்டூல். அதைப் பார்த்தேன்.

டக்.

திறந்துவிட்டது. வரிசையாக உங்கள் வார்த்தைகள் கட்டம் கட்டமாக நின்றன. என்னால் அதற்கு மேல் எதையும் பார்க்க முடியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேடம்தான் கையை நீட்டி முதல் கட்டத்தைத் தொட்டார்.

"மாது" என்றீர்கள்.

"தா வர்றேன்" என்றேன்.

உங்கள் கட்டிலில், உங்கள் தலையணையில் படுத்துக்கொண்டு சொன்னேன். எங்கே வருவது மாமா? நீங்கள் கூப்பிடுகிற இடத்தில்தான் நான் படுத்திருந்தேன். அங்கே நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் அழாத அழுகை, சுடுகாட்டுக்கு உங்களைத் தூக்கியபோது அழாத அழுகை, எல்லாம் அப்போது வந்தது. மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பாஸ்வேர்ட் போட்ட அன்றைக்கும் அவர் அப்படித்தான் திரும்பி நின்றார்.

குரலையெல்லாம் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். அப்புறம் காரிமங்கலத்துக்காக உங்களுடையதை அழிக்க வேண்டும். அழிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டது, நிஜமாகவே நீங்கள்தானா என்று. வேறு வழியில் செய்யலாம் என்றார் மேடம். வேண்டாம், நானே போடுகிறேன் என்றேன். உங்கள் கையில் இருந்த ஒன்றே ஒன்று அது. வேறு யாரோ உடைத்து எடுப்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? பின்கதவு. முன்கதவு. கண்ணாடி. ஸ்டூலில் உங்களை மாதிரியே கொஞ்சம் தாமதித்தேன். படம் மறைந்தது. உங்கள் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது.

காரிமங்கலத்துப் பொம்பளைக்கு நேற்று அதை மாட்டிவிட்டார்களாம். சின்னவனைப் பார்த்து முதலில் கண்ணால் ஒரு திட்டைத்தான் எழுதினாளாம், மூக்கைத் துடைடா என்று. மேடம் சொல்லிச் சிரித்தார். எனக்கும் மனசு ஆறியது. ஆனால் வூட்டில் இருந்த ஒரே துணையும் கட்டிலிலிருந்து கழன்று போய்விட்டது. இரும்புக் கை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருக்கிறது.

இன்று காலை வேலைக்குக் கிளம்பினேன். பையை எடுத்தேன். நடு வூட்டில் என்னையறியாமல் நின்றேன். பின்கதவைப் பார்த்தேன், தாழ் போட்டிருந்தது. முன்கதவைப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்தேன், அதில் ஒரு நரைத்த பொம்பளை இருந்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போனில் இருக்கிற குரலை நான் அடிக்கடி போடுவதில்லை. போட்டால் பதில் சொல்லிவிடுகிறேன், பக்கத்து வூட்டில் பயப்படுகிறார்கள். 'போலாம் ரைட்' மட்டும் இன்னும் கேட்கவே இல்லை. அதைக் கேட்டுவிட்டால் நீங்கள் வண்டியைக் கிளப்பிவிடுவீர்களோ என்று ஒரு பயம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் மாமா, நம்பலாம். இனி நான் எங்கே கிளம்பினாலும், பக்கத்துக் கடைக்கே போனாலும், அந்த நான்கையும் பார்க்காமல் படி தாண்ட மாட்டேன். நான்காவதில் உங்களை மாதிரியே கொஞ்சம் நிற்பேன். நீங்கள் ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் கிளம்புவேன்.

முன்படிக்குப் பின்சீட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் பெண்டாட்டி
மாது